ஒன்பது அங்குல அலமாரி, இரண்டு கூடைகள்

1. நன்றாக ஓடுகிறது, கழட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"செல்வியா? ஸ்ரீரங்கத்துலேர்ந்து ருக்மிணி பேசறேன். நேத்து நீங்க மாட்டிட்டுப் போனேளே, அதைக் கழட்டிடுங்கோ."

"என்னாச்சு மாமி, ஜாம் ஆகுதா?"

"நன்னா ஓடறது. ஒரு விரலால இழுத்தா வரது. கழட்டிடுங்கோ. வியாழக்கிழமை எங்காத்துல திதி."

சமையலறைகளுக்கு உள்சாமான் பொருத்தும் வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு, பாலக்கரையில் சேனல், கீல், கம்பிக்கூடை விற்கும் கடையில் பில் போட வந்தேன். பிறகு அளவெடுக்க வீடு வீடாகப் போகிறவள் ஆனேன். என் அளவை வைத்துப் பொருத்துகிறவர் யூசுப் பாய். என்னைவிட எட்டு வயது இளையவர், அக்கா என்று கூப்பிடுவார். இத்தனை வருடத்தில் எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். சத்தம் போடுகிறது, கதவு தொங்குகிறது, எலி வந்துவிட்டது. நன்றாக ஓடுகிறது, அதனால் கழட்டு என்று எவரும் சொன்னதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் லேசர் மீட்டர்தான் கேட்கிறார்கள். பட்டனை அழுத்தினால் சிவப்புப் புள்ளி ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டு எண்ணைக் கொண்டுவருகிறது. நல்ல கருவிதான், நானும் வைத்திருக்கிறேன். அது கொண்டுவராத ஒன்றைப் பற்றி அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2. படுத்துக் கிடந்த கிணறு

பத்து நாளுக்கு முன்பு அந்த அலமாரியை முதலில் பார்த்தேன். நீளநீளமான வீடு. ஒரு அறையைத் தாண்டி இன்னொரு அறை, அதற்கும் பின்னால் சமையலறை. அடுப்பு மேடைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து விட்டுப்போயிருந்தது. யாரோ ஒரு கொத்தனார் அதை வீணாக்க மனமில்லாமல் கடப்பாக்கல் தட்டுகள் வைத்து, முன்னால் ஒரு கதவு மாட்டி, அலமாரி என்று பெயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தரையிலிருந்து ஐந்தடி உயரம். அகலம் ஒன்பது அங்குலம். ஆழம் இரண்டடிக்கு மேல்.

ஒரு கிணற்றைப் படுக்கப் போட்டால் அப்படித்தான் இருக்கும். வாயருகே வெளிச்சம். ஒரு முழம் போனால் மங்கல். அதற்குப் பிறகு விரல்தான் கண். பின்னாலிருக்கும் டப்பாவை எடுக்க முன்னாலிருக்கும் ஆறு டப்பாவை இறக்க வேண்டும், அல்லது கையைத் தோள்வரை உள்ளே விட வேண்டும். மாமி இருபத்தைந்து வருடமாகத் தோள்வரை விட்டு எடுத்தவர். இப்போது அந்த வலது தோள் இறுகிவிட்டது. டாக்டர் ஃப்ரோசன் ஷோல்டர் என்று பெயர் சொல்லியிருக்கிறார். கை மார்புக்கு மேல் எழும்புவதில்லை.

நான் டேப்பை உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது, புத்தூரிலிருந்து வந்திருந்த மாமியின் நாத்தனார் அலமேலு வாசற்படியில் நின்றிருந்தார்.

"மன்னி, எதுக்கு இந்த அவஸ்தை? அம்மா திதியை மடத்துல பண்ணிடலாம்னு அவாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். தளிகை பண்ணிப் பரிமாறறதெல்லாம் அவாளே பாத்துப்பா. நாம போய் உக்காந்தாப் போறும்."

"நீ போய் உக்காரு. நான் இங்க பண்ணிக்கறேன்."

"இந்தக் கையை வச்சிண்டா?"

"கை எனக்குத்தானே வலிக்கறது. உனக்கு என்ன?"

கணவர் ராகவன் மாமா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி பேப்பரை ஒரு பக்கம் திருப்பினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டு எனக்குச் சொல்லுங்கோ. எங்க சொன்னாலும் வந்து உக்காரறேன்" என்றார்.

அலமேலு போன பிறகு மாமி என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"வருஷத்துல ஒரு நாள், செல்வி. அன்னிக்கு என்னால முடியலைன்னா அடுத்த நாளும் முடியாதும்பா. முதல்ல மடம். அப்புறம் ஒரு சமையல்காரி. அப்புறம் அலமேலு ஆத்து மாடியில ஒரு ரூம். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்லுவா. எனக்குத்தான் கையில கரண்டி இருக்காது."

நான் நோட்டில் எண்களை எழுதினேன். வாயில் ஒன்பதே கால், நடுவில் ஒன்பது, பின்னால் எட்டரை. பழைய சுவர் நடுவயது ஆள் மாதிரி, உள்ளே போகப்போக வயிறு தள்ளியிருந்தது. வாயில் மட்டும் அளந்துவிட்டு வந்து மாட்டும்போது முட்டி நிற்கிறவர்கள் உண்டு. நான் மூன்று இடத்தில் அளந்தேன், தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தேன். எட்டு அங்குலத்தில் ரெடிமேடாகவே ஓர் உயரமான புல்-அவுட் வருகிறது. ஒரே ஸ்டீல் சட்டம், அதில் ஐந்து கம்பிக்கூடை, கீழேயும் மேலேயும் அது ஓடும் சேனல், முன்னால் ஒரு பலகை, ஒரு கைப்பிடி. இழுத்தால் அலமாரி முழுக்க வெளியே வந்து நிற்கும். இனிமேல் கை உள்ளே போக வேண்டாம், உள்ளே இருப்பது கைக்கு வரும்.

அப்படித்தான் சொன்னேன். மாமியின் முகம் மலர்ந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

3. ஒரே சட்டம்

சனிக்கிழமை வேலை. சாமான்களை மாமி தானே வெளியே எடுத்து வைத்தார். அடியாழத்திலிருந்து ஒரு முறுக்கு அச்சும், மூடியே இல்லாத ஒரு தூக்கும், ஒரே மாதிரி மூன்று கடுகுப் பாக்கெட்டும் வந்தன. "கடுகு இல்லைன்னு மூணு தடவை என்னைக் கடைக்கு அனுப்பினே" என்றார் மாமா. "நடந்தா சுகர் குறையும்னு டாக்டர் சொன்னாரே" என்றார் மாமி.

யூசுப் பாய் கட்டர் மிஷினால் நான்கு கடப்பாக்கல் தட்டுகளையும் அறுத்து எடுத்தார். தூசி பறந்தது. கிணற்றுக்குள் முதல்முறையாக வெளிச்சம் விழுந்தது. ரசமட்டம் வைத்துக் கீழ்ச் சேனலைப் பதித்தோம், பிறகு மேல் சேனல், பிறகு சட்டம். மூன்று மணிக்கு அது மூச்சு விடுவதுபோல் வெளியே வந்து, மூச்சு வாங்குவதுபோல் உள்ளே போனது.

கிளம்பும்போது மாமி பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"உங்களுக்காக இல்லை. நான் கடைக்குப் போயிட்டு வந்தாலும் அலம்பிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன்."

நான் சிரித்து வைத்தேன். அதை நான் முழுதாக நம்பவில்லை. இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை. பல வீடுகளில் பலவிதமாகக் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன், யாருக்குப் பின்னால் எத்தனை பக்கெட் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் தூசியும் நிறையத்தான் கிடந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

4. பத்து

ஞாயிற்றுக்கிழமை நானும் யூசுப் பாயும் ஒரே வண்டியில் காவிரிப் பாலத்தைக் கடந்தோம். எனக்குக் கோபம். மனசுக்குள் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே போனேன். கல்லை அறுத்தாயிற்று, இனிமேல் எதைத் திரும்ப வைப்பது என்று கேட்பதாக இருந்தேன்.

வீட்டில் அலமேலு முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா மன்னி, கேட்டியா? இந்த ரயில் பெட்டியை இழுத்துண்டு அம்மாவுக்குத் தளிகை பண்ணப் போறேன்னியே. நாளைக்குள்ள மடத்துக்குப் பதில் சொல்லணும். இல்லேன்னா வேற யாருக்காவது குடுத்துடுவா."

மாமி அவரைத் தாண்டி வந்தார். என்னைச் சமையலறைக்கு அழைத்தார்.

"செல்வி, உங்களுக்குப் பத்துன்னா தெரியுமோ?"

"கேள்விப்பட்டிருக்கேன் மாமி."

"சாதம், சாதம் பட்ட கரண்டி, வடிக்கற பாத்திரம், இதெல்லாம் பத்து. அதைத் தொட்ட கையால ஊறுகாய், உப்பு, நெய், தயிர் எதையும் தொட மாட்டோம். அலம்பிண்டுதான் தொடுவோம். முன்னாடி கீழ்த்தட்டுல பத்துப் பாத்திரம். மேல்தட்டுல மத்ததெல்லாம். நடுவுல கல்லு. சாதக் கையோட கீழே ஒரு கரண்டி எடுத்தா மேல் தட்டு அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். இப்போ பாருங்கோ."

அவர் கைப்பிடியை இடது கையால் இழுத்தார். கரண்டிகளும் வடிதட்டும் வந்தன. அவற்றுக்கு மேல் உப்பு ஜாடி, ஆவக்காய் ஜாடி, நெய்க் கிண்ணம், எல்லாம் ஒன்றாக ஆடிக்கொண்டு வந்தன.

"ஒரே சட்டம். ஒரே பிடி. எதைத் தொட்டாலும் எல்லாத்தையும் தொட்டுடறேன்."

"இழுக்கறதுக்கு முன்னாடி கையக் கழுவிக்கலாமே மாமி."

"அன்னிக்கு எத்தனை தடவை இழுப்பேன்? ஒவ்வொரு தடவையும் அலம்பிண்டு, துடைச்சிண்டு, இந்தத் தோளோட. திதி பண்ணி வைக்கற வாத்தியார் வந்து பன்னெண்டுக்கு இலை போடணும்பார். நான் குழாயடியில நின்னுண்டிருப்பேன்."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க அகலம் கேட்டேள். ஆழம் கேட்டேள். எத்தனை கிலோ வைப்பேள்னு கேட்டேள். இதைக் கேக்கலை." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "எனக்கும் தெரியலை. இன்னிக்குக் காலம்பற சாதம் வடிச்சிட்டு இழுத்தப்புறம்தான் தெரிஞ்சுது."

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். யூசுப் பாய் வண்டியருகே நின்றிருந்தார். "கரண்டிக்கும் ஊறுகாய்க்கும் நடுவுல ஒரு கல்லு இல்லேன்னா உலகமே முழுகிடுமாம்" என்றேன். மருங்காபுரிப் பக்கம் எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரமும் எல்லாக் கைக்கும் பொது. இதெல்லாம் எனக்கு வேண்டாத வேலையாகத்தான் பட்டது.

யூசுப் பாய் சிரிக்கவில்லை.

"இதுல புரியாம என்னக்கா இருக்கு? தொழுகைக்குன்னு நான் ஒரு கைலி தனியா வச்சிருக்கேன். அது கொடியில காயும்போது பசங்க சைக்கிள் கிரீஸ் கையோட போய் இழுத்தா எனக்கு வருமே கோவம். வெளியாளு பாத்தா துணி துணிதான். அந்தம்மாவுக்கு அவங்க கணக்கு. நம்ம வேலை, அவங்க கணக்குல டிராயர் ஓடணும். நம்ம கணக்குல ஓடி என்ன பிரயோஜனம்?"

"உங்களப் பத்தி அவங்க கணக்கு என்னன்னு தெரியுமா பாய்?"

"தெரியும்க்கா. அது வேற சண்ட. அத இன்னொரு நாள் போடுவோம். இன்னிக்கு டிராயர்."

அவர் வண்டியிலிருந்து கருவிப் பையை இறக்கினார். மாமி எதற்காக அந்தக் கரண்டியை விடமாட்டேன் என்கிறார் என்பது எனக்குத் தெரியும், என்னிடம்தான் சொல்லியிருந்தார். நாளைக்கு மடத்துக்குச் சரி என்று பதில் போய்விட்டால், அதற்குக் காரணம் அவருடைய தோள் அல்ல. நான் மாட்டிய சட்டம்.

5. வெறுங்கைத் தளிகை

யூசுப் பாயையும் கூட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். "மாமி, ஒரு வேளை தளிகையை எனக்குச் செஞ்சு காட்டுங்க. அடுப்பு வேணாம், சாமான் வேணாம். வெறுங்கையால."

"இதென்ன, நாடகமா?" என்றார் அலமேலு.

மாமி ஒரு கணம் யோசித்தார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேடை முன்னால் போய் நின்றார். இல்லாத அரிசியைக் களைந்தார். இல்லாத அடுப்பை மூட்டினார். நான் சமையலறை வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து நோட்டில் கோடு கிழித்தேன். ஒவ்வொரு முறை அலமாரிப் பக்கம் கை போகும்போதும் எந்தக் கை, அந்தக் கையில் அப்போது என்ன, எவ்வளவு தூரம் இழுத்தார்.

நாற்பது நிமிடம் நடந்தது. அவர்கள் சாத்தமுது என்று சொல்லும் ரசத்துக்குப் புளி கரைத்தார், கறியமுது என்னும் பொரியலைக் கிளறினார். காற்றில் அவர் கை எழுதிக்கொண்டே போனது, நான் படித்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை அலமாரியிடம் போனவர் பாதியில் நின்று, திரும்பி, இல்லாத குழாயில் கையை அலம்பிக்கொண்டு மறுபடி போனார். அதை அவர் நினைத்துச் செய்யவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது.

மாமா பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்து என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "முப்பத்தெட்டு வருஷமா சாப்பிடறேன். பண்றதை இன்னிக்குத்தான் முழுசாப் பாக்கறேன்" என்றார். மாமி திரும்பாமலே, "உப்பு போட்டேனான்னு பாத்துண்டேளா?" என்றார். அலமேலுகூடச் சிரித்துவிட்டார்.

என் நோட்டு எனக்கே சில செய்திகளைச் சொன்னது. மாமி இடது கையால் மட்டுமே இழுக்கிறார். முழுதாக இழுக்க அவருக்குப் பின்னால் இடமில்லை, கிரைண்டர் இடிக்கிறது. நான் பெருமையாக மாட்டிய ஃபுல் எக்ஸ்டென்ஷனில் பாதிதான் அவருக்குப் பயன். அடிக்கடி எடுப்பவை கூடையின் முன்பாதியில் இருக்க வேண்டும். பத்துக் கையோடு போனது எல்லாம் கீழே, அலம்பிய கையோடு போனது எல்லாம் மேலே. இரண்டும் ஒருமுறைகூடக் கலக்கவில்லை.

ஆக இரண்டு புல்-அவுட் வேண்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று. தனிச் சேனல், தனிப் பலகை, தனிக் கைப்பிடி. நடுவில் பழையபடி ஒரு கல்.

"பிளைவுட்ல நடுத்தட்டு போட்டா நாளைக்கே முடிச்சிரலாம் மாமி."

"மரம் வேண்டாம். அலம்ப முடியாது. கல்லாப் போடுங்கோ."

அலமேலு கடிகாரத்தைப் பார்த்தார். "கல்லு போட்டு, சிமெண்டு காஞ்சு, வியாழக்கிழமைக்குள்ளயா? நான் மடத்துல என்ன சொல்லட்டும் மன்னி?"

மாமி என்னைப் பார்த்தார். யூசுப் பாயைப் பார்த்தார்.

"புதன்கிழமை சாயங்காலம் ஆயிடும்மா" என்றார் யூசுப் பாய்.

"வேண்டாம்னு சொல்லிடு" என்றார் மாமி நாத்தனாரிடம்.

நான் யூசுப் பாயைத் திரும்பிப் பார்த்தேன். சரக்கு இருக்கிறதா என்று நாங்கள் இன்னும் பார்க்கக்கூட இல்லை.

6. மூன்று நாள்

பாட்டில் புல்-அவுட் என்கிற உயரம் குறைந்த வகை, எட்டு அங்குலத்தில், சரக்கில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வர ஒரு வாரம் ஆகும். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக கடையின் முன்பக்கம் அதே வகையில் ஒன்றை மாட்டி வைத்திருந்தோம். திங்கட்கிழமை காலை ஸ்க்ரூடிரைவரோடு அதன் முன் உட்கார்ந்தேன்.

முதலாளி பார்த்துவிட்டார். "டிஸ்பிளே பீஸக் கழட்டிட்டுப் போனா கஸ்டமருக்கு நான் எத இழுத்துக் காட்றது? என் மேஜை டிராயரையா?"

"நான் தப்பா அளவெடுத்துட்டேன் சார். திருத்தணும்."

"நீயா? மூணு இடத்துல அளப்பியே."

"நாலாவது இடத்த விட்டுட்டேன்."

திருத்தணும் என்ற சொல் அவருக்குப் போதுமாக இருந்தது. தானே வந்து மறுபக்கத்துத் திருகாணியைப் பிடித்தார்.

அன்று மதியமே புதுக் கடப்பாக்கல் துண்டு ஒன்றை அளவுக்கு அறுத்து வாங்கினோம். கொத்தனாருக்குக் காத்திருக்க நேரமில்லை. யூசுப் பாய் சனிக்கிழமை மாட்டிய சட்டத்தைக் கழட்டிவிட்டு, சுவரில் இரண்டு பக்கமும் காடி எடுத்து, கல்லை நுழைத்து, சிமெண்டு பூசினார். செவ்வாய்க்கிழமை முழுவதும் அதைக் காயவிட்டோம். சிமெண்டு காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற நீண்ட வேலை வேறில்லை. நான் வேறு இரண்டு வீட்டுக்குப் போய் அளவெடுத்துவிட்டு வந்தேன், ஆனால் மனசு முழுக்க அந்தச் சிமெண்டின் மேல்தான் இருந்தது. புதன்கிழமை நான்கு மணிக்கு இரண்டு கூடைகளும் தனித்தனியாக ஓடின. மேல் கூடையை இழுத்தபோது கீழ்க் கூடை அசையவில்லை. மாமி அதைத்தான் பார்த்தார். ஐந்தாறு முறை இழுத்து, கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பக்கெட்டை எடுக்கப் போனார். நாங்கள் கிளம்பினோம்.

7. வியாழக்கிழமை

அன்று எனக்குப் புத்தூரில் ஓர் அடுக்குமாடியில் வேலை. பன்னிரண்டு மணியானதும் இலை போட்டிருப்பார்களா என்று நினைத்தேன். ஒரு மணிக்கும் நினைத்தேன். யாருடைய மாமியாரின் திதிக்கோ நான் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு மாமியே கூப்பிட்டார். குரலில் அயர்ச்சி.

"எல்லாரும் சாப்ட்டாச்சு. பன்னெண்டேகாலுக்கு இலை போட்டாச்சு."

"நீங்களே எல்லாம் பண்ணீங்களா மாமி?"

"சாதம் வடிக்க மட்டும் முடியலை. அதுக்கு ரெண்டு கை வேணுமே. அலமேலு குளிச்சு மடியா வந்து நின்னு வடிச்சுக் குடுத்தா. மத்ததெல்லாம் நான்தான்."

அவர் சொன்ன தொனியில் அது தோல்வியும் இல்லை, வெற்றியும் இல்லை. கணக்கைச் சரியாகச் சொன்னார், அவ்வளவுதான்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அலமாரிக்கு அகலம், ஆழம், உயரம் மூன்றும் உண்டு, அவற்றை யாரும் அளந்துவிடலாம். அதன் முன்னால் நிற்கிறவருக்கு ஒரு வழி உண்டு. எந்தக் கை, எதைத் தொட்டுவிட்டு வருகிறது, எதைத் தொடாமல் போக வேண்டும் என்பது. அந்த வழி அவருக்கே வாயால் சொல்லத் தெரியாது. உங்களுக்கு அதில் உடன்பாடு இருக்க வேண்டியதில்லை, எனக்குப் பாதிக்குமேல் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லில் கட்டரை வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தும் தவறு வரும். எனக்கு வந்தது. மாமி அதை அந்தப் போனிலேயே சொல்லிவிட்டார்.

"மேல் கூடையில மேல் தட்டு இருக்கே, அது எனக்கு எட்டலை."

"அன்னிக்கு எட்டிச்சே மாமி. செஞ்சு காட்டும்போது பாத்தேனே."

"அன்னிக்கு வெறுங்கை. வெறுங்கை போற உயரத்துக்கு ஜாடியோட போக மாட்டேங்கறது. அதை ஒரு சாண் இறக்கிக் குடுங்கோ."

"நாளைக்கே வரோம்."

"அவசரம் இல்லை. உங்களுக்கு ஒழிஞ்சப்போ வாங்கோ. அடுத்த வருஷ திதிக்குள்ள ஆனாப் போறும்."